பாலாமை மேல் விழுந்த பழி

திருத்தணியில பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். பேர்ல ஒரு எழுத்து பிசகினா நிலமே கை மாறாம நின்னுடும். அதனால பேருன்னா எனக்கு ஒரு கிறுக்கு உண்டு.

போன ஐப்பசியில, மழை விட்ட ஒரு காலை, என் பொண்ணைப் பார்க்க பொதட்டூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரதா இருந்தாங்க. அதுக்கு முன்னாடி வந்த இடம் எதுவும் அமையலை. இதுவாவது முடியணுமேன்னு நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கினு இருந்தேன். அந்த நேரம் பார்த்து, பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டை வழியா உள்ளங்கை அளவு ஆமை ஒண்ணு ஏறி வந்துடுச்சு.

"ஐயய்யோ, ஆமை பூந்துடுச்சே! இன்னைக்கா வரணும்?"னு என் வீட்டுக்காரி அலறினா.

"கத்தாதடி! தெருவுக்கே தண்டோரா போடுவியா?"ன்னு நான் எரிஞ்சு விழுந்தேன்.

பொண்ணு அதைக் கையில எடுத்துத் திருப்பிப் பார்த்தா. "பாலாமைப்பா. அடிவயிறு பால் மாதிரி இருக்கு பாரு, அதான் அந்தப் பேரு." நிஜமா அதுதான் காரணமான்னு அவளுக்கும் தெரியாது. நான் வெடுக்குனு பிடுங்கி, பக்கெட்ல போட்டுத் தட்டால மூடினேன்.

வந்தவங்க காபி குடிச்சாங்க. பையனோட அம்மா கை கழுவப் போய், தட்டைத் தூக்கிட்டாங்க. எனக்கு உயிரே போச்சு.

"அட, தாபேலு!"ன்னு சிரிச்சாங்க. நெசவுக் குடும்பம், அவங்க வீட்ல பேச்சு தெலுங்கு. "மழை பெஞ்சா எங்க தறிக்குழியிலயும் வந்து படுத்துக்கினு இருக்குங்க. ஏரியில விட்டுட்டு வேலையைப் பார்ப்போம்."

அவங்க போனப்புறம் யோசிச்சேன். உயிர் ஒண்ணுதான். தெலுங்குல தாபேலுன்னா ஒண்ணும் உறுத்தலை. நம்ம பேச்சுல மட்டும் அந்த ஆமை இல்லாமை, கல்லாமை, பொறாமைன்னு கெட்டது எல்லாத்துலயும் வாலா ஒட்டிக்கினு நிக்குது. பேரு எங்கிருந்து வந்துச்சோ, சாமிக்குத்தான் வெளிச்சம். பயம் மட்டும் அந்தப் பேர்லேருந்துதான் வந்திருக்கணும்னு எனக்குத் தோணுச்சு. பொண்ணே அதைக் கொண்டுபோய் ஏரியில விட்டுட்டு வந்தா.

ரெண்டு நாள் கழிச்சு, நாங்க சாப்பிட்டுக்கினு இருக்கும்போது போன் வந்தது. ஜாதகம் ஒத்து வரலையாம்.

"ஆமையைப் பார்த்தப்பவே நினைச்சேன்"னா வீட்டுக்காரி.

அவ்வளவு யோசிச்ச நானும், "அந்தச் சனியன் வராம இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்"னேன்.

பொண்ணு தட்டுலேருந்து தலை தூக்கலை. "இதுக்கு முன்னாடி வந்தவங்க வேணாம்னப்ப வீட்ல ஆமை இல்லையேப்பா. அப்ப யாரைச் சனியன்னு சொன்னீங்க?"

அவ காதுல விழாதுன்னு நினைச்சு நாங்க சொன்னது அவளைத்தான்.