புள்ளியாவே இருக்கட்டும்

போன செவ்வாய்க்கிழமை காலை நிர்மலா போன் செய்தாள்.

"அக்கா, லேப்டாப்பு தானா அணைஞ்சிக்கினே இருக்குது. ரிப்பேர் பண்றவரு கையை விரிச்சிட்டாரு. கொஞ்சம் வர்றீங்களா?"

பத்திரிகையில் எழுதுகிறவளுக்குக் கம்ப்யூட்டரும் அத்துப்படி என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. நானும் அதை மறுத்ததில்லை. சும்மா வருகிற மரியாதையை வேண்டாம் என்பானேன்?

நிர்மலா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறாள். முன்பு நடத்தியது அவள் கணவர் சேகர். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அதுவரை கேமராவைத் தொட்டுப் பார்க்காதவள், இப்போது முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மணமேடை ஓரம் நின்று, "மாப்ள, இப்படிப் பாருங்க" என்று அதட்டுகிறாள்.

சிக்கல் இதுதான். சேகர் எடுத்த கல்யாணப் படங்கள் அத்தனையும் இன்டர்நெட்டில் ஒரு தளத்தில் இருக்கின்றன. அதன் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். பழைய லேப்டாப்பின் பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, இதுநாள்வரை இவளுக்குக் கதவு திறந்துகொண்டிருந்தது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்பதைத் தட்டினால் ஓடிபி சேகரின் நம்பருக்குப் போகும். அந்த நம்பரை எப்போதோ மூடியாயிற்று. ஆக, லேப்டாப் ஒரேயடியாக அணைந்தால் பத்து வருடக் கல்யாணங்களும் அதோடு போச்சு.

"வாலாஜாபாத்துலருந்து ஒரு பொண்ணு நேத்து போன் பண்ணிச்சுக்கா. அவங்க அப்பா தவறிட்டாராம். நல்லா விழுந்த படம்னு அவ கல்யாணத்துல இவரு எடுத்தது ஒண்ணுதான் இருக்குதாம். இல்லன்னு எப்படிக்கா சொல்றது?"

புது லேப்டாப் தயாராக இருந்தது. அதில் வேறு பிரவுசர். பழையதில் உள்ள பாஸ்வேர்டுகளை ஒரு ஃபைலாக வெளியே எடுத்து, பென் டிரைவில் போட்டு, புதியதில் ஏற்ற வேண்டும். பத்து நிமிட வேலை — லேப்டாப் பத்து நிமிடம் தாங்கினால்!

மூன்று முறை அணைந்தது. சூட்டினால் இருக்குமோ என்று நிர்மலா டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து லேப்டாப்புக்கு நேராக வைத்தாள். நாலாவது முறை ஃபைல் கைக்கு வந்துவிட்டது. அப்பாடா... காபி போட அவள் உள்ளே போனாள்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஃபைலைத் திறந்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? வேண்டாம்தான். திறக்காமலே ஏற்றலாம், அதுவும் எனக்குத் தெரியும். துருவுகிற புத்தி, வேறென்ன?

உங்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். பிரவுசருக்குள் இருக்கும்வரை பாஸ்வேர்டு வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். ஃபைலாக எடுத்துவிட்டால் எல்லாம் பச்சையாக எழுத்தில் இருக்கும். கரன்ட் பில்லுக்கு, கேஸுக்கு, ரயில் டிக்கெட்டுக்கு... எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர் சாமிதான் காவல். காமாட்சி, வரதர், ஏகாம்பரம் — பின்னால் ஒரு 123. காஞ்சிபுரத்தில் எந்த வீட்டு லிஸ்ட்டைத் திறந்தாலும் இந்த மூவர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். (என்னுடையதை மாற்றிவிட்டேன். முயற்சி செய்யாதீர்கள்.)

கடைசி வரியில் போட்டோ தளம். அதற்கு மட்டும் சாமி பெயர் இல்லை, வேறு ஒன்று. படித்தேன்.

காபி வருவதற்குள் ஃபைலை மூடி, புது லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். ஏறியதும் புது பிரவுசர் ஒரு குற்றப்பத்திரிகை வாசித்தது. சாமி பெயரெல்லாம் பலவீனமான பாஸ்வேர்டாம், உடனே மாற்ற வேண்டுமாம்.

நிர்மலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மன் பேரு வீக்காமா? யாருக்கா இதைச் செஞ்சவன்? அது கெடக்குது, முதல்ல போட்டோவைப் பாருங்க."

தளத்தைத் திறந்தோம். பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஓடிபி கேட்குமோ என்று இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கேட்கவில்லை. உள்ளே விட்டது!

வாலாஜாபாத் கல்யாணத்தைத் தேடி எடுத்தாள். பெண்ணின் அப்பா, பட்டு வேட்டியில், கையில் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிர்மலா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வெச்சுக்கோம்மா. மறுபடி இந்தப் பாடு வேண்டாம்" என்றேன். பிரவுசரின் பாஸ்வேர்டு லிஸ்ட்டைத் திறந்தேன். அங்கே புள்ளிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும். அதைத் தட்டினால் எழுத்து தெரியும். மவுஸை அங்கே கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்கா. புள்ளியாவே இருக்கட்டும்."

"ஏம்மா?"

"நான் கேட்டுக்கினேதான் இருந்தேன். சொன்னா நீ சிரிப்ப, அப்புறமா ஒரு நாள் சொல்றேன்னாரு. அவரு சொல்லாததை நான் எட்டிப் பார்க்கணுமாக்கா?"

வெட்கமாகிவிட்டது எனக்கு. பெண்டாட்டி பார்க்க மாட்டேன் என்கிறாள், அடுத்த வீட்டுக்காரி படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மறைக்கவும் மனசு வரவில்லை. ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன்.

நிர்மலா மெதுவாகக் கேட்டாள்.

"சிரிக்கிற மாதிரிதான் இருக்குதாக்கா?"

"ஆமாம்மா."

சிரித்தாள். என்னவென்று தெரியாமலே, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர அப்படிச் சிரித்தாள்.

"அப்ப நீங்களே ஞாபகம் வெச்சுக்கோங்க. நோட்டெல்லாம் வேணாம்" என்றாள்.

ஃபைலை இரண்டு லேப்டாப்பிலும் அழித்தேன், பென் டிரைவிலும் அழித்தேன். (நீங்களும் மறக்காமல் அழியுங்கள்.) வீட்டுக்கு வந்து என் மெயிலைத் திறக்கப் போனால், என் பாஸ்வேர்டு எனக்கு ஞாபகம் வரவில்லை. சேகருடையது மட்டும் எழுத்து பிசகாமல் நிற்கிறது. ஆயுசுக்கும் நிற்கட்டும்.

அது என்ன என்று நீங்கள் கேட்காதீர்கள்... அவளே கேட்கவில்லை.