பொம்மைக் காருக்குக் கண்ணாடி ஒட்டிய பாடு

மாதிரிக் கார் செய்கிற தொழிலில் பெயிண்டில் நடந்த தப்பை இன்னொரு கோட்டிங் மறைத்துவிடும். கண்ணாடியில் நடந்த தப்பை ஊரே குனிந்து பார்க்கும்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து பல வருஷம் கோரிப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் நானும் ஜாபர் பாயும் கூட்டாக இந்தத் தொழிலைச் செய்தோம். கார் விற்கிற கடைகளின் மேஜைக்கு, கல்யாணப் பரிசுக்கு என்று கையகலக் கார்கள். பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடு காட்டி வளைத்தால் உடம்பு ஆகிவிடும். ஜன்னலுக்கு நிறமில்லாத ஷீட். அதைத்தான் கண்ணாடி என்போம். உடைந்த பொம்மையை ஒட்டப்போய் விரலை ஒட்டிக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே நம்ம ஆட்களிடம் சொல்வதாகவே சொல்கிறேன்.

யாரை மயக்க?

அந்த ஷீட்டுக்கு அப்போது எங்களுக்குத் தெரிந்த பசை குளோரோபார்ம்தான். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டால் இளகி ஒன்றாகிவிடும். ஒரு சொட்டு கூடினால் கண்ணாடியே குழிந்துபோகும். ஆனால் ஒட்டுவதைவிட அதை வாங்குவதுதான் பெரும்பாடு. மருந்துக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கார் கண்ணாடி ஒட்ட" என்றேன். "எந்தக் கார்ல அண்ணே கடத்தப் போறீக?" என்றார்.

மறுநாள் பாதி முடிந்த காரையே தூக்கிக்கொண்டு போனேன். பழைய சீசாவில் மிச்சமிருந்த கொஞ்ச மருந்தை அவர் கண்ணெதிரே விட்டுப் பின்கண்ணாடியை ஒட்டிக் காட்டினேன். ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. மருந்தை எடுத்துக் கொடுத்தபடி சொன்னார்: "சினிமாவுல வில்லன்க கர்சீப்ல ஊத்துறதுக்குப் பதிலா இந்த வேலைக்கு வந்திருந்தா அம்புட்டுப் பேரும் பொழச்சிருப்பாய்ங்க."

கொடைக்கானல் கார்

அப்புறம் நொடியில் ஒட்டுகிற பசை வந்தது. ஜாபர் பாய்க்கு ஏக சந்தோஷம். வாடிப்பட்டியில் புதிதாகக் கடை திறக்கிற ஒருவருக்கு வெள்ளை அம்பாசடர் ஒன்று. ஆறு கண்ணாடியையும் அந்தப் பசையில் ஒட்டி, தூசி படாமல் டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போனார்.

காலையில் திறந்தால் எல்லாக் கண்ணாடியும் உள்பக்கம் புகை படிந்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. பசையின் ஆவி வெளியே போக வழியில்லாமல் படிந்துவிட்டது. துடைக்கலாம் என்றால் விரல் உள்ளே போகாது. அந்த நேரம் பார்த்து வாடிப்பட்டிக்காரர் படியேறி வந்துவிட்டார். அவர் காரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஏம்ப்பா, நான் மதுரையில ஓட்டுற காரைக் கேட்டா, நீங்க கொடைக்கானல்ல ஓட்டுற காரைச் செஞ்சிருக்கீக!"

முகூர்த்தத்துக்கு நேரமாச்சு

அதற்குப் பிறகு தச்சர்கள் போடுகிற வெள்ளைப் பசைக்கு மாறினோம். ஆவி கிடையாது, கண்ணாடியை அரிக்காது. பால் மாதிரி இருப்பது காய்ந்தால் தெளிந்துவிடும். காய்வதற்குத்தான் பொறுமை வேண்டும், அதுவும் ஐப்பசி மழையில். ஒத்தக்கடையிலிருந்து வந்த மாப்பிள்ளைத் தோழன், "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, வாரேன்" என்று பசை காயாத பரிசுக் காரைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். சாயங்காலம் நாங்களும் பயந்துகொண்டே கல்யாண வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே பிடித்துக்கொண்டான்: "அண்ணே, மேடையில குடுக்கிறப்ப சன்னலெல்லாம் தயிர் சாதமா இருந்துச்சு, சாப்பிட்டு வந்து பாத்தா பளிச்சுனு இருக்கு, எவன்ணே கழுவுனது?"

சிவப்புக் கார்

ஒரு மத்தியானம் முப்பத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒரு பெண் அட்டைப்பெட்டியோடு வந்தார். பெயர் கமலா, பள்ளிக்கூட டீச்சர். பெட்டிக்குள் சிவப்புக் கார். சிங்கப்பூரிலிருந்து தம்பி வாங்கி வந்த பாகங்களை அவர் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார். முன்கண்ணாடி மட்டும் பாக்கி. அதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

கண்ணாடியின் உள்பக்க ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை. ஜாபர் பாய் பழக்கத்தில் துணியை எடுத்துவிட்டார். டீச்சர் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, தொடச்சிராதீங்க. அது அவுக கட்டைவிரல்." அப்புறம்தான் பார்த்தோம், பெயிண்டில் ரேகை ரேகையாகத் தெரிந்தது.

குளோரோபார்ம் வழிந்தால் ரேகை கரைந்துவிடும். நொடிப் பசை போட்டால் அதன் மேல் வெள்ளை படியும். வெள்ளைப் பசைதான் என்று பாய் முடிவு செய்தார். ஈர்க்குச்சி நுனியில் தொட்டுத் தொட்டு விளிம்பில் மட்டும் வைத்தார். "காய நேரமாகும்மா, நாளைக்கு வாங்களேன்" என்றேன். டீச்சர் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்த வெள்ளைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பாயும் வேறு வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தோம். வெயில் இறங்கியதும் காரை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். "உள்பக்கமா இருக்கிறது நல்லதாப் போச்சுண்ணே. இனிமே தூசி தட்டுறப்ப நானே மறந்துபோய் அழிச்சிர முடியாது."

எந்தப் பசை நல்ல பசை என்று யாராவது கேட்டால், பதில் சொல்லாமல் "யாரோட காரு?" என்று திருப்பிக் கேட்கிற கெட்ட பழக்கம்தான் இந்தத் தொழிலில் எனக்கு விடாமல் ஒட்டிக்கொண்டது.