சந்தனப் பொட்டு வைத்த வால்வு

என் மச்சானுக்கு வாயில் ஒரே ஒரு சொல்தான் வரும். "நல்லாருக்கு மாப்ள." சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் நல்லாருக்கு. நான் எடுத்துக் கொடுத்த சட்டை தோளில் இறுக்கிப் பிடித்தாலும் நல்லாருக்கு. முப்பது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிச்சம். ஏனென்றால் முதன்முதலில் அவர் அப்படிச் சொன்னபோது அது பச்சைப் பொய். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே என் சினேகிதன். சிதம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தார். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கடலூர் சிப்காட்டில் எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். மேல வீதியில் ஒரு தையல் கடையின் மாடியில்தான் அவர்களுக்கு ஒத்திகை. எனக்குப் பாட்டு வராது, தாளமும் வராது. ஒயர் சுருட்டுவதும் பிளக் மாட்டுவதும் என் வேலை.

அங்கே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. மைக் செட் கடைக்காரர் ஒருவர் கையால் செய்தது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. கண்ணாடி வால்வுக்குள் கம்பி மெல்லச் சிவக்கும், சூடான தூசி வாசனை வரும், அரை நிமிஷம் கழித்துத்தான் ஸ்பீக்கரில் லேசாக மூச்சு கேட்கும். அதற்குள் ஒருவன் கீழே போய் சமோசா வாங்கி வந்துவிடுவான். பொட்டலத்தை ஆம்ப்பின் தலையில் வைப்போம். ஒத்திகை முடியும்வரை ஆறாது. இன்றைக்கும் எங்காவது சமோசா வாசனை வந்தால் எனக்கு அந்த மாடிதான் ஞாபகம் வருகிறது.

மச்சான் மெதுவாக மீட்டினால் சத்தம் தெளிவாக வரும். அழுத்தி அடித்தால் கரகரத்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டினவன் பாடுவதுபோல் உடையும். வால்யூமைத் தொடவே மாட்டார். எல்லாம் விரலிலேயே இருந்தது. அது அந்த ஆம்ப்பின் குணம் என்று எனக்கு அப்போது தெரியாது. கோளாறு என்று நினைத்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் அந்த ஆம்ப் மக்கர் பண்ணியது. வால்வு தளர்ந்துபோயிருந்தது. புது வால்வு கடலூரில் கிடைக்கவில்லை. பெரிய எலக்ட்ரீஷியன் என்ற திமிர் எனக்கு. "இந்தக் காலத்துல யாரு மச்சான் வால்வு வைக்கிறா? நான் புதுசாவே ஆக்கித் தர்றேன்" என்று தூக்கிக்கொண்டு வந்தேன். உள்ளே இருந்ததை எல்லாம் வெட்டி எடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மரைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். சென்னையிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் போர்டு வாங்கிப் பொருத்தினேன். பாதி எடைகூட இல்லை. ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

சுவிட்சைப் போட்ட உடனே சத்தம் வந்தது. மச்சான் மெதுவாக மீட்டினார். பிறகு ஓங்கி அடித்தார். இரண்டும் ஒரே மாதிரி, ரேஷன் கடை ஸ்பீக்கரில் அறிவிப்பு படிப்பதுபோல் வந்தது. கிதாரை மடியில் படுக்க வைத்தார்.

"நல்லாருக்கு மாப்ள" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டார் மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்தக் கோபத்தை அவன் வீட்டில் போய்ப் பெண்ணிடம் காட்டுவான் என்று பயம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை என்னை "டேய் மடையா" என்று கூப்பிட்டவர்தான் மச்சான். தாலி கட்டிய மறுநாளிலிருந்து "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள". அன்றைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் இரும்புக்கடைக்கு ஓடி அந்த டிரான்ஸ்ஃபார்மரை மீட்டிருப்பேன். திட்டவில்லை. ஒரு வருஷத்துக்குள் குழுவை விட்டுவிட்டார். கிதார் பீரோவின் மேல் ஏறியது. அவர் உரக்கடையில் கணக்கு எழுதப் போனார்.

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். இந்த வருஷம் ஆடியில், மச்சான் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. தீபாவளிக்கு முன் கிளம்புகிறாராம். அன்றைக்கே முடிவு செய்தேன். அவர் போவதற்குள் ஒரு வால்வு ஆம்ப் செய்து அவர் கையில் கொடுத்தாக வேண்டும். எனக்கு அந்தச் சத்தம் திரும்ப வேண்டும். அதைவிட, அவர் வாயிலிருந்து ஒரு உண்மை வேண்டும்.

யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். பாதிப் பேர் செய்ததில்லை, பேசுகிறார்கள். ஒருவன் சொன்னான்: உள்ளே முந்நூறு வோல்ட் இருக்கிறது, இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயும், ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை பார். கடலூர் வெக்கையில் வீட்டில் எவன் பேன்ட் போடுகிறான்? நான் இடது கையைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு வேலை பார்த்தேன்.

"வயித்து வலியா?" என்றாள் மனைவி.

"ஷாக் அடிக்காம இருக்கடி."

"அப்ப ரெண்டு கையையும் செருகிக்கிட்டு சும்மா உக்காரு. இன்னும் நல்லது."

வால்வுகள் ஆன்லைனில் வந்தன. சின்னது இரண்டு, சத்தத்தைப் பெருக்க. பெரியது ஒன்று, ஸ்பீக்கரை ஓட்ட. பெரியதில் உபரி இல்லை, ஒன்றுதான் கிடைத்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் வரும் டிரான்ஸ்ஃபார்மரைப் பண்ருட்டியில் போர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவரிடம் கொடுத்தேன். மெல்லிய கம்பி ஒரு அடுக்கு, தடித்த கம்பி ஒரு அடுக்கு, மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும் என்றேன்.

"எதுக்குண்ணே இப்புடி? தண்ணி ஏறாதே."

"தண்ணி ஏத்துறதுக்கு இல்லப்பா. கிதாருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதல் தடவை தன் வழக்கப்படியே சுற்றி வைத்திருந்தார். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கு எண்ணி மறுபடி சுற்ற வைத்தேன். பெட்டிக்கு அங்கேயே பலாப்பலகை வாங்கினேன். ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கம்பெனியில் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் கிதார் கிடையாது, இருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. உள்ளே நுழையும் ஒயரின் முனையை விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஸ்பீக்கர் உறுமும். அவ்வளவுதான் என் கச்சேரி.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முடித்தேன். மச்சானைப் பூஜைக்குக் கிதாரோடு வரச் சொன்னேன். வந்தார். புதுக் கம்பி மாட்டியிருந்தார்.

கூடத்தில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தோம். ஸ்பேனர், மீட்டர், தையல் மிஷின், மிக்சி, நடுவில் ஆம்ப். பூஜையில் அது எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பின்பலகையைக் கழற்றி, பூஜைக்குக் கால் மணி முன்பே சுவிட்சைப் போட்டுவிட்டேன். வால்வுகள் குத்துவிளக்கு மாதிரி சிவந்து நின்றன. மச்சான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொட்டு வைப்பது வருஷா வருஷம் நான்தான். சந்தனக் கிண்ணத்தில் விரலை முக்கினேன். ஸ்பேனருக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று, மிஷினுக்கு ஒன்று. கை பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. பெரிய வால்வின் நெற்றியிலும் வைத்தேன். சுர்ரென்று விரல் சுட்டது. டிக் என்று ஒரு சத்தம்.

கொதிக்கிற கண்ணாடியில் ஈரச் சந்தனம். விரிசல் விடும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். வால்வின் உச்சியில் வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும் ஒரு இடம் உண்டு. உள்ளே காற்று புகுந்தால் அது பால் மாதிரி வெளுத்துவிடும். என் கண் எதிரே வெளுத்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"எதுக்குடி சந்தனத்த இவ்ளோ தண்ணியா கரைச்ச?" என்று மனைவிமேல் பாய்ந்தேன்.

"கட்டியா கரைச்சிருந்தா மட்டும் ஒட்டிக்கிட்டுப் பாடியிருக்குமா? வெச்சது யாரு கை?"

மச்சான் மெதுவாகக் கிதாரை உறைக்குள் போட்டார். "பரவால்ல மாப்ள. அதுவே ரொம்ப நல்லாருக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எது நல்லாருக்கு? வெடிச்சதா? அடுத்த வருஷம் நீங்க எங்க இருப்பீங்க மச்சான்? வாயத் தொறந்து ஒரு தடவ திட்டுங்களேன்!"

அவர் பொரியைச் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டார்.

புது வால்வுக்கு மூன்று வாரம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். அவருக்குச் சாமான் ஏற்ற வண்டி வர எட்டு நாள்தான் இருந்தது. பெட்டியைப் பார்க்கப் பிடிக்காமல் போர்வையால் மூடினேன். சாயங்காலம் போன் வந்தது.

"மாப்ள, அந்த ஒடஞ்ச வால்வு மேல ஏதோ நம்பர் எழுதியிருந்துச்சே. படிங்க."

படித்தேன்.

"அப்பா ரேடியோவுல அதே நம்பர் இருக்கு. நாளைக்கு வாங்க."

என் மாமனார் ரேடியோ. அவர் இருந்தவரை வேறு யாரும் அதன் திருகைத் தொட்டதில்லை. மறுநாள் விஜயதசமி. பலாப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

"உள்ள என்னா சார், கல்லா?" என்றார் கண்டக்டர்.

"கல்லுன்னா எறக்கி வெச்சிருப்பேன். போங்க."

வீடு முழுக்க அட்டைப்பெட்டி. நடுவில் ஸ்டூலின் மேல் அந்த ரேடியோ, முதுகைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் கை நீட்டினேன். மச்சான் தடுத்தார். அவரே வால்வைப் பிடித்து, மெல்ல ஆட்டி ஆட்டி உருவினார். வேட்டி நுனியால் தூசியைத் துடைத்தார். "அப்பாவுக்கு இப்ப நியூஸ் தேவையில்ல" என்று என்னிடம் கொடுத்தார்.

பொருத்தினேன். சுவிட்சைப் போட்டேன். கம்பி சிவந்தது. ஒரு வீட்டின் ஐம்பது வருஷத் தூசி வாசனை வந்தது. பிறகு அந்த மூச்சு.

மச்சான் கச்சேரியில் முதலில் எப்போதும் வாசிக்கிற ஒரு சின்ன ஓட்டம் உண்டு, மைக் செட்காரன் தயாராவதற்காக. அதை மெதுவாக மீட்டினார். விரல் விறைத்திருந்தது, இரண்டு இடத்தில் தவறியது. சத்தம் தெளிவாக வந்தது. மறுபடி அதையே எடுத்தார், இந்தத் தடவை ஓங்கி. கரகரத்து, தொண்டை கட்டி, உடைந்தது. தையல் கடை மாடி அப்படியே வந்து நின்றது. அவர் கை கம்பியிலேயே நின்றுவிட்டது. முகம் சிவந்தது.

"டேய்."

நான் நிமிர்ந்தேன்.

"இது... இது மாதிரி இருந்ததத்தானடா வெட்டி இரும்புக்குப் போட்ட? உன்ன யாருடா கேட்டா? ஒரு வால்வு தானடா செத்துச்சு! மெட்ராஸ்ல கெடைக்காதா? பெரிய இவன் மாதிரி தூக்கிட்டுப் போயி, நல்ல பொருள கெடுத்து, தகர டப்பாவக் கொண்டாந்து குடுத்தியேடா! அத வெச்சிக்கிட்டு நான் எத வாசிப்பேன்? அறிவு இருந்துச்சாடா உனக்கு?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். "ஐயோ, மாப்பிள்ளையப் போயி என்னா பேச்சு இது!"

"நீ சும்மா இரு. இவன் எனக்கு மொதல்ல ஃபிரெண்டு."

"நீங்க உள்ள போங்கக்கா, அவர் பேசட்டும்" என்றேன். "இன்னும் சொல்லுங்க மச்சான்."

சொன்னார். முப்பது வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னார். பண்ருட்டியில் ஒரு கல்யாணக் கச்சேரியில் அந்த டப்பா பாதியில் ஊமையானதைச் சொன்னார். குழுவை விட்ட அன்று கிதாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாமல் வீடுவரை நடந்ததைச் சொன்னார். எதையும் நான் மறுக்கவில்லை. எல்லாம் நான் செய்ததுதான். திட்டி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் மனைவி ஒன்றும் புரியாமல் ஒரு தட்டில் சுண்டல் கொண்டு வந்தார். மச்சான் அதை வாங்கி, யோசிக்காமல், ஆம்ப்பின் தலையில் வைத்தார். பிறகு கிதாரைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"லேசா இரைச்சல் இருக்கு பாரு, அதையும் சரி பண்ணு" என்றார். "உன் வேல எப்பவும் அரகொறதான்."

கைலி கட்டியிருக்கவில்லை. இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பெட்டியின் பின்னால் குனிந்தேன்.