ஐம்பதாவது பொருள்

சின்ன அருங்காட்சியகத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய ஓர் எண்ணெய்த் துணியும் கொஞ்சம் துணிச்சலும் போதும். என்னிடம் துணிச்சல் அதிகமாகவே இருந்தது. திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டு மாடி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கழித்துக்கட்டிய பழைய கருவிகள்தான் அங்கே காட்சிப் பொருள்கள். அவற்றில் ஐம்பதைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் சான்றிதழ். அது இல்லாவிட்டால் என் எம்.ஏ. வரலாறு அம்பேல். இப்படி எங்காவது மாட்டிக்கொண்டு முழித்த உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

முதல் பார்வையாளர்கள்

மூன்றாம் நாள் ஓர் ஐ.டி. தம்பதி வந்தார்கள். லேத் மெஷினின் வரலாற்றைக் கால் மணி நேரம் பொழிந்து தள்ளினேன். கணவர் தலையாட்டிக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தார். மனைவி ஜன்னலைத் திறந்து மூடினார். இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப் போனேன். பக்கத்து வீட்டு 'வாடகைக்கு' போர்டை அப்போது நான் கவனிக்கவில்லை.

"எல்லாம் ஓகேங்க. இந்த மெஷினையெல்லாம் எப்போ காலி பண்ணுவீங்க?"

குறிப்புச் சீட்டு

கையால் சுற்றித் துளை போடும் ஒரு கைத்துரப்பணத்துக்கு மூன்று பத்தியில் குறிப்பு எழுதினேன். அடிக்குறிப்பு வேறு. பொறுப்பாளர் மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"பொருளைவிட சீட்டு பெருசா இருக்கே, எதம்மா பெட்டிக்குள்ள வைக்கிறது?"

ஸ்பேனர்

கடைசி வாரம், மேஜையில் கிடந்த குவியலிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து அளந்து, வெள்ளைப் பெயின்டில் எண் ஐம்பது போட்டேன். 'நீண்டகாலப் பயன்பாட்டின் தடயங்கள் உள்ளன' என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. மறுநாள் மேடம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரத்தில், முந்தின நாள் ஃபேன் மாட்ட வந்திருந்த எலெக்ட்ரீஷியன் ஏழுமலை அண்ணன் எதையோ தேடிக்கொண்டு வந்தார். பெட்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, எம் ஸ்பேனரு உள்ள இன்னா பண்ணிகினு கீது?"

நாற்பத்தொன்பது

மேடம் பேனாவை மூடினார். கல்லூரியில் சான்றிதழ் கொடுக்க மறுநாள்தான் கடைசி. வெட்கத்தை விட்டு, ஸ்பேனரைக் கொடுத்துவிடுங்களேன் அண்ணா என்று கேட்டேன். அது இல்லாமல் பிழைப்பு ஓடாது என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பையைக் கிளறி ஒரு பழைய டியூப்லைட் சோக்கை எடுத்து வைத்தார். மேடம் அதைப் புரட்டிப் பார்த்தார். அம்பத்தூரிலேயே செய்தது என்று அதன் மேல் அச்சாகியிருந்தது. பதிவேட்டில் 'வழங்கியவர்' என்ற கட்டத்தை அண்ணன் பக்கம் திருப்பினார். அண்ணன் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, சீட்டுல எம் பேர பெருசா போடு. எரிஞ்சி போச்சுன்றத சின்னதா போடு."

சான்றிதழில் என் பெயரும் பெரிதாகத்தான் இருக்கிறது. ஸ்பேனரைப் பற்றிக் கல்லூரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.