முத்திரை போட்ட எஞ்சின்

மண்டபத்தில் கடலைப் பார்த்த எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் மீன் விற்பவர்களின் பழைய வண்டிகள்தான். அவற்றுக்கு நடுவில் ஒரு பந்தய பைக்கும் நின்றது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பட்டறை முதலாளியை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். துபாயில் கார் பட்டறையில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர். பைக்கை ஓட்டியது அவருடைய தங்கை மகன். எஞ்சின் வேலை என்னுடையது. பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. எஞ்சினோடு இருந்தால் பேச வேண்டியதில்லை. இந்த மூன்று பேர்தான் எங்கள் அணி.

ஆரம்பத்தில் எங்களை ஓட வைத்தது பெரிய அணிகள் கழித்துப் போட்ட டயர்கள். பயிற்சியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு ஓரமாகப் போட்டுவிடுவார்கள். பாய் சிரித்துப் பேசி வாங்கி வருவார். பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று ஒரு விதி வந்தது. ஒரு வண்டிக்கு இத்தனை டயர்தான், அதிலும் அந்த வண்டியின் எண் குறித்திருக்க வேண்டும். சின்ன அணிகளை மனதில் வைத்துத்தான் இதைச் செய்ததாகக் கூட்டத்தில் சொன்னார்கள். பெரிய அணிகள் டயர் கழிப்பதை நிறுத்திவிட்டன. நாங்கள் முதல்முறையாகப் புது டயர் வாங்கினோம். அடுத்த வருடம் சைலன்சர் விதி மாறியது. நான் வளைத்துப் பற்றவைத்துச் செய்திருந்தது பரணுக்குப் போயிற்று.

"வருசத்துக்கு ஒரு சட்டம் போட்டா நம்ம எங்கன மாமா போறது?" என்றான் மருமகன்.

"அவுகளும் சம்பளம் வாங்குறாகல்ல, என்னத்தையாச்சும் மாத்தணும்ல," என்றார் பாய். அப்போதெல்லாம் அவர் கேலி பேசுவார்.

அதற்கடுத்த வருடம் எஞ்சினுக்கே முத்திரை. யாரும் அதைப் பிரித்து உள்ளே செலவு செய்யக் கூடாதாம். முதல் பந்தயத்துக்கு முன் அதிகாரிகளே போல்ட்டுகளில் கம்பி கோத்து, எண் அச்சடித்த ஒரு காகிதத்தையும் எஞ்சின்மேல் ஒட்டினார்கள். கடைசிப் பந்தயம் வரை அது அப்படியே இருக்க வேண்டும். எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆனால் எல்லா எஞ்சினும் ஒன்றுபோல ஆனதும் எங்கள் பையன் மூன்றாவதாக வந்தான். பெரிய அணி மேலாளர் ஒருவர் தேடி வந்து கைகொடுத்தார். அடுத்த பந்தயத்திலும் இப்படி ஓட்டினால் தன் அணியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். வீட்டில் அவனுடைய தகப்பனார், அத்தா என்றுதான் கூப்பிடுவான், சவூதிக்கு விசா வாங்கி வைத்திருந்தார். அந்தப் பந்தயம் வரைக்கும் பொறுப்பதாக ஒப்புக்கொண்டார்.

எங்கள் கடற்கரையில் இரும்பைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாது. நிற்கிற வண்டி எதுவானாலும் பழைய ஆயிலைத் துணியில் தொட்டு முழுக்கப் பூசிவிடுவோம். இல்லாவிட்டால் உப்புக் காற்று தின்றுவிடும். பாய் பந்தய வண்டிக்கும் பூசினார். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. சாப்பிட்டால் கை கழுவுகிற மாதிரி எங்களுக்கு அது. கிளம்புகிற அன்று துடைத்தபோது காகிதம் துணியோடு வந்துவிட்டது. எண் கரைந்து கறுப்பாகக் கிடந்தது.

"கம்பி இருக்குல்லப்பா, அதத்தான் பாப்பாக," என்றார் பாய். நானும் தலையாட்டினேன்.

பந்தய மைதானத்தில் வண்டியைச் சோதனை செய்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். குனிந்து பார்த்துவிட்டு, "நம்பர் இல்லையே பாய். நான் எப்படி உள்ள விடுறது?" என்றார்.

"தம்பி, எங்க ஊரு கடலோரம். ஆயில் பூசலேன்னா துரு தின்னுரும். கம்பி அறுந்திருக்கான்னு பாருங்க. வேணும்னா இங்கனயே பிரிச்சுப் பாத்துருங்க."

"பிரிச்சா முத்திரை போயிரும். அப்பவும் ஓட முடியாது."

பக்கத்து அணிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "என்ன பாய், வண்டிக்கு எண்ணெய்க் குளியலா? தீபாவளி இன்னும் வரலையே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாய் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கைகொடுத்த மேலாளரும் அங்கேதான் நின்றார். அவர் போனைப் பார்த்துக்கொண்டே தள்ளிப் போனார்.

மருமகன் கையுறையைக் கழற்றினான். "விடுங்க மாமா. கெஞ்சாதீங்க."

திரும்பி வரும்போது வேனில் உட்கார்ந்தே அவனுடைய அத்தாவுக்குப் போன் போட்டான். "டிக்கெட் எடுத்துருங்கத்தா," என்றான். அந்த மாதமே போய்விட்டான். இப்போது அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.

புது வருட விதிகள் பாயின் போனுக்கு வந்தன. சத்தமாகப் படித்தார். முத்திரையை எடுத்துவிட்டார்கள். இனி எஞ்சினையே அவர்களிடம் வாடகைக்கு எடுத்து மாட்ட வேண்டுமாம். இதுவும் செலவைக் குறைக்கத்தான்.

"அப்ப நம்ம எஞ்சின என்னப்பா செய்ய?" என்று கேட்டார்.

வண்டியோடு விற்றுவிடலாம் என்றேன். விற்கவும் முடியவில்லை. விளக்கும் நம்பர் பிளேட்டும் இல்லாத வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. விதி மாறிய பிறகு பந்தயக்காரர்களுக்கும் அது வேண்டாம்.

மருமகன் வெள்ளிக்கிழமைகளில் பேசுவான். முத்திரையை எடுத்ததை அவனிடம் சொல்லிவிடாதே என்று பாய் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை. அவனும் வண்டியைப் பற்றிக் கேட்பதே இல்லை.