வெள்ளிக்கிழமைக்கு நானூறு புள்ளி

நான் எழுதிய முதல் புரோகிராம் பதினேழு வரி. அதில் ஒரு வரி ஏன் சரியாக வேலை செய்தது என்று எனக்குப் புரிய பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இன்று அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறேன் என்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வீடு காரைக்காலில், தருமபுரம் பக்கம். வாப்பா ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிடங்கில் வேலை பார்த்தார். வீட்டில் உம்மா, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த என் அண்ணன், நான். அண்ணனை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். வாப்பாவிடமிருந்து போன் வந்தால் நானாவும் நானும் பிடுங்கிக்கொள்வோம். உம்மாவின் கைக்குப் போகும்போது வாப்பாவின் போன் கார்டில் ஒரு நிமிடம் மிச்சமிருந்தால் பெரிய விஷயம். அந்த ஒரு நிமிடத்திலும் உம்மா சமையல் எரிவாயு தீர்ந்ததையோ மாமியின் முட்டிவலியையோ பற்றித்தான் பேசுவார்.

ஒரு தடவை போனில், எப்போது வருவீர்கள் என்று அழுது அடம்பிடித்தேன். நானா கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த காட்டு வேட்டை விளையாட்டு ஒன்றை நான் ஆடுவது வாப்பாவுக்குத் தெரியும். தங்கியிருந்த அறையில் நண்பருடைய மடிக்கணினியில் அவரும் அதை ஆடத் தொடங்கியிருந்தார். விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில்தான் அவருக்கு அந்த மடிக்கணினி கிடைக்கும், அப்போது எனக்குப் பள்ளிக்கூடம். ஆகவே விளையாட்டுக்குள் நாங்கள் சந்தித்ததே இல்லை. எனக்காக ஆலமரத்தடிப் பெட்டியில் ஒரு வாளையோ கேடயத்தையோ வைத்துவிட்டுப் போவார்.

"நீ முப்பதாவது லெவலுக்கு வா புள்ள. வாப்பா ஊருக்கு வந்துருவேன்" என்றார்.

நான் பன்னிரண்டாவது லெவலில் இருந்தேன். பள்ளியில் அந்த வருடம்தான் பைத்தான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கற்றதையெல்லாம் போட்டு, முப்பதுக்குப் போக எத்தனை நாள் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். தினம் மாலை ஒரு மணி நேரம்தான் ஆட அனுமதி. அதில் எண்ணூறு புள்ளி சேரும். அடுத்த லெவலுக்கு மூவாயிரத்து அறுநூறு புள்ளி வேண்டும். பதினெட்டு லெவலால் பெருக்கி, எண்ணூறால் வகுத்தால் எண்பத்தொரு நாள். திரையில் அந்த எண் வந்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். மறுநாள் வகுப்பு முழுக்கச் சொன்னேன். நெரவியிலிருந்து பஸ்ஸில் வரும் என் பெஞ்சுத் தோழி மட்டும், "எங்கப்பா வயலுக்குப் போயிட்டு தெனமும் வூட்டுக்கு வராரு. எந்த லெவலும் கேக்கல" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பதின்மூன்றாவது லெவலுக்குப் போனபோது குட்டு வெளிப்பட்டது. அடுத்ததற்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கேட்டது விளையாட்டு. ஒவ்வொரு லெவலுக்கும் முந்நூறு கூடுமென்று நானா சிரித்துக்கொண்டே விளக்கினார். திருத்தி எழுதினேன். நூற்று முப்பத்தொன்பது நாள் என்று வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாப்பாவிடம் சொன்னபோது அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "நல்லாப் பாத்து சரியான தேதி சொல்லும்மா. அதத்தான் லீவு ஃபாரத்துல எழுதப் போறேன். எழுதிட்டா மாத்த முடியாது" என்றார். அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தேதி முன்னால் போய்விட்டால் நான் முப்பதைத் தொடுவதற்குள் வாப்பா வந்து நிற்பார். அப்போது சொன்ன சொல் பொய்யாகிவிடும், உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

தினமும் ஆடி முடித்ததும் புள்ளியை நோட்டில் எழுதிப் புரோகிராமோடு ஒத்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. முதல் வாரம் முந்நூற்றைம்பது குறைந்தது, அடுத்த வாரம் நானூற்றைம்பது. அப்போதிருந்த பதினாறு வரியையும் மனப்பாடமாகிற அளவுக்குப் படித்தேன். காற்புள்ளியைக்கூடச் சந்தேகப்பட்டேன். நானாவைத்தான் முதலில் பிடித்தேன். "அல்லாமேல ஆணையா நான் தொடல" என்றார். அது உண்மைதான், அவர் தொடவில்லை.

நான்காவது வாரம்தான் நோட்டில் கண்டுகொண்டேன். குறைவது எப்போதும் வெள்ளிக்கிழமை. வியாழன் இரவு இருந்த புள்ளி, வெள்ளி மாலை நான் உட்காரும்போது இருக்காது. சராசரியாக நானூறு போயிருக்கும். அடுப்படிக்கு ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். அன்று நெய்ச்சோறு அடிப்பிடித்திருந்தது. அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைச் சோறு அடிக்கடி அடிப்பிடித்தது.

"கேம்ல வெள்ளிக்கெழமைக்கு நானூறு புடிச்சுக்கிறாங்க உம்மா."

உம்மா சட்டியை அடிவரைக்கும் சுரண்டி முடித்தார். பிறகு, "அப்ப அதையும் சேத்து எழுதிக்கம்மா" என்றார்.

எழுதினேன். வெள்ளிக்கிழமை என்றால் நானூறு கழி. ஒரே வரி. மொத்தம் நூற்று நாற்பத்தொன்பது நாள் என்றது புரோகிராம். அடுத்து வந்த வாரங்களில் நோட்டும் திரையும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்தத் தேதியை வாப்பாவுக்குச் சொன்னேன், அவர் ஃபாரத்தில் எழுதினார். நூற்று நாற்பத்தொன்பதாம் நாள் மாலை ஒரு காட்டுப்பன்றியை வெட்டி முப்பதைத் தொட்டேன். மறுநாள் காலை திருச்சியிலிருந்து வந்த வாடகைக் கார் வாசலில் நின்றது. அன்று எனக்கிருந்த கர்வத்தில் பாதிகூட இன்று சம்பள உயர்வு வரும்போது இருப்பதில்லை.

வாப்பா ஊரில் இருந்த முதல் வெள்ளிக்கிழமை, புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை. அடுத்த வாரமும் குறையவில்லை. ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டுப் படுத்திருந்த வாப்பாவை எழுப்பி, கேமைச் சரிபண்ணிவிட்டார்கள் என்று செய்தி சொன்னேன். வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். "அப்ப அந்த வரிய எடுத்துடு" என்றார் வாப்பா, மிகவும் பொறுப்பாக.

போன வருடம் நானாதான் ரகசியத்தை உடைத்தார். வெள்ளிக்கிழமை காலைகளில், நாங்கள் இருவரும் கிளம்பியதும், உம்மா என் பெயரில் விளையாட்டுக்குள் போய் ஆலமரத்தடியில் வாப்பாவோடு நிற்பாராம். அதற்கான பொத்தான்களை நானாதான் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். உம்மாவுக்கு வாள் வீசத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி வாப்பாவுக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பார். அதற்குள் பன்றி வந்து முட்டிக் கொன்றுவிடும். ஒரு சாவுக்கு ஐம்பது புள்ளி. மறுபடி உயிரோடு வந்து, விட்ட இடத்திலிருந்து தட்டுவார். ஒரு காலையில் எட்டு ஒன்பது தடவைகூடச் செத்திருக்கிறார். அவர் சாவதை நிறுத்தியிருந்தால் வாப்பா பத்து நாள் முன்னதாகவே வந்திருப்பார். அது உம்மாவுக்கும் தெரியும், நான்தான் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேனே.

அந்தத் தடவை விடுப்பு முடிந்து வாப்பா கிளம்பும்போது, அடுத்தது ஐம்பதாவது லெவல் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே வெள்ளிக்கிழமை நானூறு குறைந்தது. அழித்த வரியை எரிச்சலோடு திரும்பச் சேர்த்தேன். உம்மா பின்னால் வந்து நின்று, எத்தனை நாள் என்று கேட்டார்.

"முந்நூத்திச் சொச்சம். இந்த வெள்ளிக்கெழம மட்டும் இல்லாட்டி மூணு வாரம் முன்னாடியே வந்துருவாங்க. கேம் கம்பெனிக்கு எழுதிப் போட்டு நிறுத்தச் சொல்லவா உம்மா?"

"வேணாம்மா. வெள்ளிக்கெழம இருந்துட்டுப் போவட்டும்" என்றார் உம்மா.

வாப்பா சீக்கிரம் வர வேண்டும் என்ற ஆசை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அன்று முழுக்க உம்மாவோடு நான் பேசவில்லை.