மச்சான் வீட்டுக் கடா

போன மாதம் என் தங்கை மகள் ஷாலினி போன் செய்தாள். கால்நடை டாக்டர். "மாமா, எர்ணாவூர்ல பன்றி வளர்க்கிறவங்க யாரையாவது தெரியுமா?"

திருவொற்றியூரிலேயே இத்தனை வருஷம் குப்பை கொட்டிய எனக்கா தெரியாது?

பன்றிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் எங்கிருந்து எங்கே பரவுகிறது, போகிற வழியில் எப்படி உருமாறுகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. மனிதருக்கு ஒட்டாதாம். ஆனால் குட்டிகள் தின்னத் தின்ன இளைத்து, ஒவ்வொன்றாகச் செத்துப்போகும்.

எர்ணாவூர் தனசேகர் பட்டியில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. பாவம், மனிதர் அழாத குறை.

"என் குட்டிங்க ரத்தமே தனி டாக்டரம்மா! எல்லாம் என் மச்சான் கோதண்டம் பட்டிலேர்ந்து வந்த பேஜாரு."

டோல்கேட் பக்கம் கோதண்டத்தின் பட்டிக்குப் போனோம். அங்கேயும் குட்டிகள் எலும்பும் தோலுமாக... "எல்லாம் அந்த தனசேகரால வந்துது" என்றார் அவர்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தனசேகர் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் கோதண்டம் வந்துகொண்டிருந்தபோது எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. நல்ல நேரம் காத்திருக்குமா? வேறொருவர் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். அன்றைக்கு முறிந்த உறவு!

ஷாலினி ரத்தம் எடுத்துப் போனாள். ரிசல்ட்டோடு தனசேகர் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

வைரஸ் பரவப் பரவ அதன் மரபணுவில் அங்கங்கே சின்னச் சின்ன மாற்றம் வருமாம். சுற்றுவட்டாரத்தில் வேறெந்தப் பட்டியிலும் இல்லாத ஒரு மாற்றம், இந்த இரண்டு பட்டியிலும் அச்சு அசலாக இருந்தது.

"ரெண்டு பட்டிக்கும் நேரடிப் போக்குவரத்து இருக்கு. அதை நிறுத்தாம ஊசி போட்டா, திரும்பத் திரும்ப வரும்" என்றாள்.

"போக்குவரத்தா? அவன் வூட்டு வாசல மிதிச்சா நான் மனுசனே இல்ல!" தனசேகர் குதித்தார். அவர் மனைவி மல்லிகா டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

ஷாலினி விடவில்லை. "உங்ககிட்ட இருக்கிறது எல்லாம் பெட்டை. அப்போ குட்டிங்களுக்கு அப்பா யாரு?"

"காவாய்ல மேயற கடாப்பன்னி ஏதாச்சும்..." என்று இழுத்தார் தனசேகர்.

மல்லிகாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாது, காவா கடாவா? எங்க அண்ணன் வூட்டுக் கடாய்யா அது! நீங்க ரெண்டு பேரும் பன்னிக்குப் போட ஓட்டல் மிச்சம் எடுக்கப் போற நேரத்துல அண்ணி லோடு ஆட்டோல இட்டாந்து வுடுவாங்க. நீங்க மொறச்சிகினு நின்னா பன்னி எப்டி சினையாவும்?"

கடா கொடுத்தவருக்கு, போட்ட குட்டிகளில் ஒன்று — அது பட்டி வழக்கம். ஆக, கடா இங்கே வந்தது, குட்டி அங்கே போனது... வைரஸ் இரண்டு பக்கமும் ஓசிப் பயணம்!

தனசேகர் பெருமையடித்த தனி ரத்தத்தில் பாதி மச்சான் வீட்டு ரத்தம்!

ஒரே நாளில் இரண்டு பட்டிக்கும் ஊசி; தனசேகர் பட்டியில் ஆரம்பம், கடாவுக்கும் அங்கேயே என்று முடிவானது. கோதண்டமே கடாவை ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. அவர் இறங்கவில்லை. தனசேகரும் நகரவில்லை.

கடைசியில் தனசேகர் போய் ஆட்டோவின் பின்கதவைத் திறந்து கடாவைக் காட்டினார்.

"மாப்ளைக்கு மொதல்ல போடு டாக்டரம்மா. டோல்கேட்லேர்ந்து வந்துகீறாரு."

கோதண்டம் சிரித்துக்கொண்டே குதித்து இறங்கினார்.

மிச்சமிருந்த குட்டிகள் பிழைத்துக்கொண்டன. மச்சான்களும்தான். நானும் என் பெரியப்பா மகனும் பேசி வருஷக்கணக்காகிறது. எங்களுக்கு வழியே இல்லை... இரண்டு வீட்டிலும் பன்றி கிடையாது!